கரை ஒதுங்கும் கடற்பறவைகளைக் கணக்கெடுப்பது எப்படி? செட்டிநாட்டுத் தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் விடிவதற்கு முன் பஸ் ஏறினால், தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தொண்டிக் கரையில் நிற்கலாம். அறந்தாங்கிப் பக்கம் போனால் மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி. கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் இத்தனை பக்கத்தில் இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. மீன் மட்டும் அங்கிருந்து நாள்தோறும் நம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் ஊரைச் சேர்ந்த ஆறு பேர் மாதம் ஒருமுறை அந்தக் கரையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறோம். செத்து ஒதுங்கிய பறவைகளைத் தேடி, அளந்து, படமெடுத்து, ஏட்டில் எழுதுவதுதான் வேலை. "உயிருள்ள பறவையைப் பார்க்கப் போகக் கூடாதா, செத்ததை ஏன் தேடிப் போகிறீர்கள்?" என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்வி. நம் பக்கத்துத் திருப்பத்தூரை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத மக்கள் இருக்கிறார்கள். உயிருள்ள பறவையைக் காப்பது இந்த மண்ணுக்குத் தெரியும். செத்த பறவையிடம் சேதி கேட்பதுதான் நமக்குப் புதிது.

செத்த பறவை என்ன சொல்லும்?

கடற்பறவையின் வாழ்வு பெரும்பாலும் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கழிகிறது. நடுக்கடலில் எத்தனை பறவைகள் இருக்கின்றன, எத்தனை பட்டினி கிடக்கின்றன என்று எந்த விஞ்ஞானியும் நேரில் எண்ணிவிட முடியாது. செத்த பிறகு சிலவற்றைக் காற்றும் நீரோட்டமும் கரைக்குக் கொண்டுவருகின்றன. சிலவற்றை மட்டுமே. மீதியெல்லாம் கடலிலேயே மூழ்கும், மீன்களுக்கு இரையாகும். ஆனாலும் ஒரே கரையை ஒரே முறையில் ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்தால், ஒதுங்கும் அந்தச் சில பறவைகளே கடலுக்குள் ஏதோ கோளாறு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

2015 கோடையிலிருந்து 2016 முற்பகுதி வரை, கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரையிலான கரைகளில் காமன் மர் என்னும் கடற்பறவைகள் ஏறத்தாழ 62,000 செத்தும் சாகும் நிலையிலும் ஒதுங்கின. கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியதால் இரைமீன் குறைந்து, பறவைகள் பட்டினியால் மடிந்திருந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியில் தொடங்கிய 'கோஸ்ட்' திட்டத்தின் தன்னார்வலர்கள் அந்தக் கரைகளில் மாதந்தோறும் நடந்து வந்தவர்கள். வழக்கமான மாதத்தில் எத்தனை பறவைகள் ஒதுங்கும் என்பது அவர்கள் ஏட்டில் இருந்தது. அதனால்தான் இது வழக்கமான சாவு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. மொத்தச் சாவு பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று முதலில் கணித்தார்கள். 2024 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு, அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம், அதாவது அங்கிருந்தவற்றில் பாதி என்றது.

நம் கடலுக்கும் இது பொருந்தும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தபோது, உடல் முழுக்க எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்து நான் அன்றிரவு தூங்கவில்லை. இப்படியொரு விபத்து நாம் நடக்கும் பாக் விரிகுடாவில் நடந்தால், முந்தைய ஐந்தாண்டு ஏடு கையில் இருந்தால்தான் "நாங்கள் இழந்தது இவ்வளவு" என்று எண்ணிக்கையோடு கேட்க முடியும்.

சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் ஆமை முட்டைகளைக் காக்க இரவில் நடக்கிறார்கள்; செத்து ஒதுங்கும் ஆமைகளையும் அவர்கள் எண்ணி எழுதுகிறார்கள். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான், பறவைகளுக்காக.

முதலில் ஒரு பாடம்

எங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில் எழுதிய சிட்டை (அன்றாடக் கணக்குக் குறிப்பேடு) ஒன்று வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் ஏதும் நடக்காத நாளுக்கும் பிள்ளையார் சுழி போட்டு, தேதி எழுதி, கீழே 'நடப்பு இல்லை' என்று குறித்திருக்கிறார். சிறுவயதில் அது வீண்வேலையாகத் தெரிந்தது.

நாங்கள் கரையில் நடக்கத் தொடங்கிய முதல் எட்டு மாதம், பறவை கிடந்த நாளில் மட்டும் ஏட்டைத் திறந்தோம். ஒன்றும் கிடைக்காத நாளில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ஆய்வாளர் ஒருவரிடம் அந்த ஏட்டைக் காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மொத்தம் எத்தனை முறை நடந்தீர்கள்?" எங்களிடம் பதில் இல்லை. ஐந்து நடையில் ஆறு பறவையா, இருபது நடையில் ஆறு பறவையா என்று தெரியாவிட்டால் ஆறு என்ற எண்ணுக்கு மதிப்பே கிடையாது. எட்டு மாத உழைப்பு அப்படியே வீணாயிற்று.

அதனால் முதல் விதியாக இதைச் சொல்கிறேன்: நடந்த ஒவ்வொரு நாளும் ஏட்டில் ஏற வேண்டும். பறவை இல்லையென்றால் சுழியம். இந்த ஒன்றைச் செய்ய மனமில்லாவிட்டால் மற்ற படிகளைப் படிக்கவே வேண்டாம்.

படி 1: கரையைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் போதும். ஆசைப்பட்டு ஐந்து கிலோமீட்டர் எடுத்தால் சித்திரை வெயிலில் பாதியில் திரும்பிவிடுவீர்கள். காரங்காடு போன்ற அலையாத்திக் காட்டுப் பகுதியில் சேற்றில் நடந்து தேட முடியாது. மீன் இறங்குதுறையை ஒட்டிய கரையும் வேண்டாம். கழிவுமீனுக்காக நாய்களும் காக்கைகளும் கூடுவதால் பறவை ஒதுங்கிய ஒரு மணி நேரத்தில் எலும்புகூட மிஞ்சாது. மணலோ கெட்டியான சேறோ உள்ள, நடக்கத் தோதான கரையாகப் பாருங்கள்.

தொடக்கமும் முடிவும் அசையாத பொருளாக இருக்கட்டும்: பாலம், கோயில் சுவர், கான்கிரீட் தூண். நாங்கள் ஒரு பனைமரத்தை எல்லையாக வைத்தோம். மறு ஆண்டு மரம் இல்லை. இப்போது இரு முனைகளின் ஜிபிஎஸ் எண்களையும் ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஒருமுறை வரையறுத்த கரையை மாற்றாதீர்கள். பக்கத்துக் கரையில் பத்துப் பறவைகள் கிடப்பதாகச் சேதி வந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

பாக் விரிகுடாவின் குணம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல் இது. கடலடியில் புல்வெளிகள் பரந்திருக்கின்றன. கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அறுந்த கடற்புல் கரையில் பட்டை பட்டையாகக் குவியும். செத்த பறவை பெரும்பாலும் அந்தக் குவியலுக்குள்தான் கிடக்கும். குச்சியால் கிளறிப் பார்க்காமல் கடந்துபோனால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

படி 2: சொல்லிவிட்டுப் போங்கள்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் செத்த பறவைக்கும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட பறவை கரையில் செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. இறகைக்கூட நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. வனச்சரக அலுவலகத்தில் என்ன செய்யப்போகிறோம், எங்கே, எந்த நாளில் என்று எழுதிக் கொடுத்து, எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தொடாமல் படமெடுப்பதோடு நிறுத்தினாலும் தெரிவித்துவிடுவது நல்லது.

இது எல்லைக் கடல். கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். ரோந்துப் படகையோ கண்காணிப்புக் கோபுரத்தையோ படமெடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். வெளியூர் ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு எதையோ தேடினால் மீனவர்கள் சந்தேகப்படுவது இயல்பு. மீன்வலையில் பறவை சிக்குவதைப் பிடித்துக் கொடுக்க வந்திருக்கிறோம் என்றுகூட நினைக்கலாம். முதல் நாளே ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டோம். இன்று எங்களுக்குப் பாதித் தகவல் அவர்களிடமிருந்துதான் வருகிறது. "ஆச்சி, வடக்கே ஓர் ஆலா கிடக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள்" என்று நண்டு வலை கழிக்கும் பெரியவர் குரல் கொடுப்பார். ஆலா என்பது டெர்ன் எனப்படும் கடற்பறவை. வடக்கே என்றால் எங்கள் எல்லைக்குள்ளா வெளியிலா என்று பார்த்துத்தான் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று முடிவு செய்வோம்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்

ஒருமுறை பயன்படுத்தும் கையுறை நாலைந்து ஜோடி, என்95 முகக்கவசம், 30 சென்டிமீட்டர் இரும்பு அளவுகோல், தையல்காரர் டேப், கட்டை அட்டையுள்ள நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை கரையும். சிலேட்டும் சாக்பீஸும் மிக முக்கியம்; படத்திலேயே தேதி, இடம், பறவை எண் தெரிய வேண்டும். முழங்கை நீளக் குச்சி, சிவப்புப் பருத்திச் சரடு, சோப்பு, ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர், கையுறையைப் போட்டுக் கட்ட ஒரு பை. பழைய துண்டும் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியும் பஸ்ஸில் கொண்டுபோவது சிரமம். கரையோரக் கடையில் கொடுத்து வையுங்கள். உயிருள்ள பறவை கிடைத்தால் தேவைப்படும்.

படி 4: நாளும் நேரமும்

மாதம் ஒரு நாள், முடிந்தவரை ஒரே வாரத்தில். நாங்கள் இரண்டாம் ஞாயிறு போகிறோம். கடல் வற்றும் நேரம் நல்லது. காலை ஆறு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கினால் காக்கையும் நாயும் வேலையை முடிப்பதற்குள் பார்த்துவிடலாம். அந்த நேரத்து வெளிச்சம் படத்துக்கும் ஏற்றது.

நாளைக் குறிக்கும்போது கடலில் என்ன நடக்கிறது என்பதையும் குறியுங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாட்கள் என்ற முறை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடைக்காலத்தில் வலையில் சிக்கிய பறவைகள் குறைகின்றனவா என்று பின்னாளில் ஒருவர் பார்க்க விரும்பினால், நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் உதவும்.

காற்றையும் எழுதுங்கள். வாடையா (வடக்கு), கொண்டலா (கிழக்கு), கச்சானா (மேற்கு) என்று கரையில் இருப்பவரைக் கேட்டால் உடனே சொல்வார்கள். கடலிலிருந்து கரை நோக்கி அடிக்கும் காற்று அதிகப் பறவைகளைக் கொண்டுவரும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று செத்ததை உள்ளே இழுத்துச் செல்லும். காற்றைக் குறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்த மாதம் சாவு கூடியது, குறைந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

புயலுக்குப் பின் கூடுதலாக ஒரு நடை போங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது கோடியக்கரைக் காட்டில் மான்களும் பறவைகளும் மடிந்தன. இப்படிப்பட்ட நடையைப் 'புயல் நடை' என்று தனியாகக் குறிக்க வேண்டும்; மாதாந்திரக் கணக்கோடு கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

படி 5: நடை

இருவர் இருவராக நடங்கள். ஒருவர் நீர் விளிம்பில், மற்றவர் கடற்புல் குவிந்த மேல்விளிம்பில். மேலே நடப்பவர்தான் அதிகம் கண்டுபிடிப்பார். அதனால் கூர்ந்து பார்க்கும் ஆளை அங்கே விடுங்கள். திரும்பும்போது இடம் மாறிக்கொள்ளுங்கள். போக வர நான்கு கிலோமீட்டர் நடந்தாலும், பார்த்த கரை இரண்டு கிலோமீட்டர்தான். ஏட்டில் இரண்டு என்றே எழுத வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர் என்பதும் வேண்டும். பேசிக்கொண்டு நடந்தால் கண் தவறும். வீட்டுக் கதையெல்லாம் திரும்பும் பஸ்ஸில் பேசிக்கொள்ளலாம்.

படி 6: பறவை கிடைத்தால்

ஒரு தை மாதக் காலை. புல் குவியலுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிளாஸ்டிக் பை என்றுதான் நினைத்தேன். குச்சியால் புல்லை விலக்கியதும் கருத்த இறக்கை நுனியும், அதில் கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல வெள்ளைத் திட்டும் வந்தன. பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலமாதலால் தலையில் பழுப்பு இல்லை. காதருகே கரும்பொட்டு மட்டும். கால் செக்கச்சிவந்திருந்தது. அந்தக் காலில் தூண்டில் நரம்பு ஐந்தாறு சுற்றுச் சுற்றி, தோலை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. மார்பைத் தொட்டபோது நடு எலும்பு கத்திமுனைபோல நெருடியது. இருபுறமும் சதையே இல்லை. இரை பிடிக்க முடியாமல் பல நாள் பட்டினி கிடந்திருக்கிறது. வலசை வந்த பறவை இத்தனை தூரம் பறந்து வந்து, நூலளவு நரம்பில் சிக்கிக் கிடந்ததைப் பார்த்து எங்களோடு வந்த மாணவி அழுதுவிட்டாள். சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டுத்தான் அளவெடுத்தோம்.

வரிசை இதுதான். முதலில் சற்றுத் தள்ளி நின்று சுற்றிலும் பாருங்கள். வேறு பறவைகள் கிடக்கின்றனவா? பல பறவைகள் இருந்தால் தொடாமல் ஒன்பதாம் படிக்குப் போங்கள். ஒன்றுதான் என்றால், தொடுவதற்கு முன் கிடந்த கிடையில் ஒரு படம். பிறகு கையுறை, முகக்கவசம். சிலேட்டும் அளவுகோலும் பக்கத்தில் தெரியும்படி முதுகுப்புறம், வயிற்றுப்புறம், விரித்த இறக்கையின் மேலும் கீழும், தலையின் பக்கத் தோற்றம், பாதம் என ஆறு படங்கள். அளவுகோல் இல்லாத படத்தில் சின்ன ஆலாவும் பெரிய ஆலாவும் ஒன்றுபோலத் தெரியும்.

இனம் கண்டுபிடிக்கப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். கண்ணைக் காக்கை கொத்தியிருக்கும், நிறம் வெளுத்திருக்கும், தலையே இருக்காது. பாதம் மட்டும் கடைசிவரை மிஞ்சும். முன்விரல் மூன்றையும் சவ்வு இணைத்து, பின்விரல் தனியாகச் சிறுத்திருந்தால் கடற்காகம், ஆலா, வாத்து இவற்றில் ஒன்று. பின்விரலையும் சேர்த்து நான்கு விரலுக்கும் சவ்வு இருந்தால் நீர்க்காகம், கூழைக்கடா வகை. ஒவ்வொரு விரலிலும் தனித்தனி இதழ்போல மடல் இருந்தால் முக்குளிப்பான், நாமக்கோழி வகை. சவ்வே இல்லாமல் நீளக் கால் என்றால் உள்ளான், கொக்கு, நாரை. பூநாரைக்கு நீளக் காலோடு சவ்வும் உண்டு, குழம்பாதீர்கள்.

அடுத்து அலகு. ஆலாவின் அலகு ஊசிபோல நேராகக் கூர்ந்திருக்கும். கடற்காகத்தின் அலகு தடித்து நுனி வளைந்திருக்கும். பிறகு உடல் நீளம். நம் கரையில் கிடைக்கும் சின்ன ஆலா 22 முதல் 25 சென்டிமீட்டர், மைனா அளவுதான். மஞ்சள் அலகுள்ள பெரிய கொண்டை ஆலா அதைப்போல இருமடங்கு. பவளச் சிவப்பு அலகோடு தடித்த ஆலா கிடந்தால் அது காஸ்பியன் ஆலாவாக இருக்கலாம். ஆலா இனத்திலேயே மிகப் பெரியது. பழுப்புத்தலைக் கடற்காகம் 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இனம் உறுதியாகத் தெரியவில்லையா? 'ஆலா, இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் ஏட்டையே கெடுத்துவிடும்.

அளவுகள் மூன்று. அலகு: மேல் அலகின் நுனியிலிருந்து இறகு தொடங்கும் இடம் வரை. இறக்கை: மடித்த இறக்கையின் மணிக்கட்டு வளைவிலிருந்து மிக நீண்ட இறகின் நுனி வரை, இறகை அழுத்தி நேராக்காமல். கால்: கணுமூட்டிலிருந்து விரல்கள் பிரியும் இடம் வரை. மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஒருவர் அளந்ததை இன்னொருவர் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபடலாம். பத்து வேறுபட்டால் யாரோ தவறான இடத்திலிருந்து அளந்திருக்கிறார்கள்.

காலில் வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வெளிநாட்டு வளையமும் இருக்கலாம். கழற்றாமல், எண் முழுவதும் தெரியும்படி வளையத்தைச் சுற்றி நாலைந்து படம் எடுத்து, அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். ஒரு வளையத்து எண்ணில் அந்தப் பறவை எங்கே, எப்போது யார் கையில் இருந்தது என்பது முழுவதும் அடங்கியிருக்கிறது.

படி 7: காரணம் எழுதும்போது

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'காலில் நரம்பு சுற்றியிருந்தது', 'வயிற்றில் எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளங்கை அளவு', 'மார்பெலும்பு துருத்தியிருந்தது', 'வெளிக்காயம் இல்லை'. 'பட்டினியால் செத்தது', 'விஷத்தால் செத்தது' என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலை கிடையாது. வயிற்றைக் கீறிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். அது பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்ய வேண்டியது. உடலின் நிலையையும் மூன்றே சொல்லில் பிரித்துக்கொள்ளலாம்: புதியது, அழுகியது, எலும்பும் இறகும். பெரும்பாலான பறவைகளுக்குக் காரணம் 'தெரியவில்லை' என்றுதான் இருக்கும்.

படி 8: அடையாளமிட்டு விட்டுவிடுங்கள்

ஒரு மாதம் நாங்கள் எழுதிய கூழைக்கடாவை மறு மாதமும் புதிதாகக் கண்டதாக எழுதிவிட்டோம். படங்களை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அளந்து முடித்த பறவையின் இறக்கை எலும்பில் சிவப்புச் சரடு கட்டி, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். வெளிநாடுகளில் வண்ணப் பிளாஸ்டிக் கட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக்கால் சாகும் உயிர்களை எண்ணிக்கொண்டே கரையில் பிளாஸ்டிக்கை விட்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை; பருத்தி போதும்.

முடிந்தால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் போய்ப் பாருங்கள். சரடு கட்டியது கிடக்கிறதா, போய்விட்டதா? கரையில் ஒரு பறவை எத்தனை நாள் தங்குகிறது என்று தெரிந்தால்தான், நம் கண்ணில் படாமல் போனவை எத்தனை இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட முடியும். நாய்கள் அதிகமான ஊரில் ஓரிரவு தாங்குவதே அரிது.

படி 9: தொடவே கூடாத நேரம்

ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால், அல்லது உயிருள்ள பறவை கழுத்தைத் திருகிக்கொண்டு, நிலைதடுமாறிச் சுற்றிக்கொண்டிருந்தால், அருகே போகாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2020 டிசம்பர் இறுதியிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள், பெரும்பாலும் பட்டைத்தலை வாத்துகள், இந்த நோயால்தான் மடிந்தன. தூரத்திலிருந்து படமெடுத்து, எண்ணிக்கையும் இடமும் குறித்து, வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் அன்றே சொல்லுங்கள். மாதிரி எடுப்பது அவர்கள் பொறுப்பு.

நோய் இல்லையென்று தோன்றும் நாளிலும், கையுறையைக் கழற்றியதும் சோப்பால் முழங்கை வரை கழுவுங்கள். செருப்பைக் கரையிலேயே கழுவுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பின்கட்டில் நாட்டுக்கோழி இருக்கும். கரையிலிருந்து வந்த கால்களோடு கோழிக்கூட்டுக்குப் போகாதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகுதான். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பறவையைத் தொடும் வேலைக்கு வர வேண்டாம்.

உயிரோடு, காயத்தோடு ஒரு பறவை கிடைத்தால் துண்டால் மூடி, அட்டைப்பெட்டியில் வைத்து, நிழலில் அமைதியாக விட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். கடலாமையோ கடல்பசுவோ செத்து ஒதுங்கியிருந்தால் அதையும் உடனே தெரிவியுங்கள்.

படி 10: சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு

கரையில் எழுதியது சிட்டை. அன்றிரவே அதைக் கணினியில் ஏற்றுங்கள், அதுதான் நம் பேரேடு. மறுநாள் என்றால் மறுவாரம் ஆகிவிடும். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் நோட்டோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். நோட்டை எறிந்துவிடாதீர்கள்.

ஆண்டு முடிவில் கிலோமீட்டருக்கு எத்தனை பறவை என்று பாருங்கள். உதாரணத்துக்கு, இரண்டு ஆண்டில் 24 நடை, நடைக்கு 2 கிலோமீட்டர், மொத்தம் 48. கிடைத்தவை 6 என்றால் கிலோமீட்டருக்கு 0.125. இந்த எண் சிறியதாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். சிறிய எண் நீண்ட நாள் நிலையாக இருந்து, ஒரு மாதம் திடீரென்று மூன்றாகவோ நான்காகவோ ஏறினால் அன்றைக்கு உங்கள் ஏட்டைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

யாரிடம் கொடுப்பது? அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை தொண்டியிலேயே இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே ஓர் ஆய்வாளரிடம் உங்கள் படிவத்தைக் காட்டித் திருத்தம் வாங்கிக்கொண்டால், எங்களைப்போல எட்டு மாதத்தை இழக்க மாட்டீர்கள். செத்த பறவையின் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் 'இறந்தது' என்று குறித்து ஏற்றலாம். ஈபேர்ட் உயிருள்ள பறவைகளுக்கானது. அதில் இதைச் சேர்க்காதீர்கள். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய் வந்தால் உயிருள்ள ஆலாக்களையும் கடற்காகங்களையும் கண் பழகிக்கொள்ளும். உயிரோடு பார்த்த பறவையைச் செத்துக் கிடக்கும்போது அடையாளம் காண்பது எளிது.

ஏட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். பறவை கிடைத்த நாளுக்கு ஒரு மாதிரி:

நடை 14. ஞாயிறு. தொடக்கம் காலை 6.10, முடிவு 8.05. ஆட்கள் 4. கரை 2 கி.மீ. காற்று வாடை, மிதமாக. கடற்புல் குவியல் அதிகம். நாய்கள் 5. பறவை 1: பழுப்புத்தலைக் கடற்காகம். புதியது. வலது காலில் தூண்டில் நரம்பு. மார்பெலும்பு துருத்தல். எண்ணெய் இல்லை. வளையம் இல்லை. அளவுகள் மூன்றும் பின்பக்கத்தில். படங்கள் 7. சரடு கட்டப்பட்டது. மூன்றாம் நாள் பார்த்தபோது இல்லை.

கிடைக்காத நாளுக்கு:

நடை 15. ஞாயிறு. தொடக்கம் காலை 6.00, முடிவு 7.40. ஆட்கள் 3. கரை 2 கி.மீ. காற்று கொண்டல், லேசாக. கடற்புல் குவியல் நடுத்தரம், முழுவதும் கிளறிப் பார்த்தது. நாய்கள் 2. பறவை 0. எழுதியவர், சரிபார்த்தவர் இருவர் கையெழுத்து.